புதுப்பிப்பு: டர்ஹாம், ஆஷ்வில் போய் வந்தாயிற்று

அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள இந்த இரண்டு மைனர் லீக் (பேஸ்பாலில் முதன்மை லீக்கிற்கு அடுத்த நிலை) மைதானங்களையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். முடியும், ஐ-40 நெடுஞ்சாலையில் மூன்றரை மணி நேரம்தான். டர்ஹாமில் இடது பக்கம் 32 அடி நீலச் சுவர், அதன் மேலே ஒரு காளை உருவப் பலகை; உள்ளூர் அணி ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அடிப்பது) அடித்ததும் காளை கண் சிவந்து, வாலை ஆட்டி, மூக்கில் புகை விட்டது, எனக்கு முன்னால் இருந்த குழந்தை நாற்காலியில் ஏறி நின்று கத்தியது!

ஆனால் மனசு தங்கிவிட்டது ஆஷ்வில்லில்தான். 1924-இல் திறந்த மைதானம், மலைச்சரிவை ஒட்டி இருக்கிறது. வலது பக்க வேலி 300 அடிகூட இல்லை, அதனால் பந்து சுலபமாக வெளியே போகாதபடி உயரமான சுவர். முதல் நாள் மழையால் ஆட்டம் தள்ளிப்போனது. அதனால் மறுநாள், வழக்கமான ஒன்பதுக்குப் பதில் ஏழு ஏழு இன்னிங்ஸாக இரண்டு ஆட்டம், எனக்கு அது வரம். அப்புறம், அடுத்தது அலபாமா மாநிலத்துப் பர்மிங்காமில் 1910-இல் கட்டிய ரிக்வுட் மைதானம்.