மனசு ஒப்பாத மனை: பயமா, உள்ளுணர்வா?

கெடிலக்கரை:
வணக்கம். கடலூர்–புதுச்சேரி சாலையில் ரெட்டிச்சாவடி பக்கம் 1200 சதுரடி மனை ஒன்று பார்த்திருக்கிறோம். விலை கைக்கு அடங்குகிறது. பத்திரம், பட்டா நகல் எல்லாம் காட்டினார்கள். வீட்டில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது, எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. எனக்குப் பொதுவாகவே பதற்றம் அதிகம். இது பட்சி சொல்வதா, வழக்கமான பயமா? வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கேட்கிறார்கள். உள்ளுணர்வை எந்த அளவு நம்பலாம்?

முத்தியால்பேட்டை:
எந்த விஷயத்தில் வரும் உள்ளுணர்வு என்பதைப் பொறுத்தது. கேரி கிளைன் தீயணைப்பு அதிகாரிகள் நொடியில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்தவர். டேனியல் கானமன் மனம் தப்புக்கணக்கு போடும் இடங்களை ஆராய்ந்தவர். எதிரெதிர்ப் பக்கம் நின்ற இருவரும் 2009இல் சேர்ந்து எழுதிய கட்டுரையில், உள்ளுணர்வை நம்ப இரண்டு நிபந்தனைகளை ஒப்புக்கொண்டார்கள். அந்தத் துறையில் ஒரு ஒழுங்கு இருக்க வேண்டும். செய்தது சரியா தப்பா என்பது தெரியவந்து, திரும்பத் திரும்பப் பழகியிருக்க வேண்டும். எவ்வளவு உறுதியாகத் தோன்றுகிறது என்பது கணக்கிலேயே வராது.

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் எடுக்கும் அக்காமார் செவுளைப் பார்த்ததுமே வேண்டாம் என்று நகர்ந்துவிடுவார்கள். வாங்கியது நல்லதா என்று அன்று மாலைக்குள் தெரிந்துவிடும் தொழில் அது, அதனால் அந்தக் கண்ணை நம்பலாம். மனை வாங்குவதோ வாழ்க்கையில் ஒரு தடவை, அதிகம் போனால் இரண்டு. அதில் உங்கள் உள்மனசுக்குப் பயிற்சியே கிடையாது. ஆனால் மனிதர்களைக் கவனிப்பதில் நம் எல்லோருக்கும் நிறையப் பழக்கம் உண்டு. உறுத்துவது மண்ணா, விற்பவரா என்று முதலில் பிரியுங்கள்.

தேவனாம்பட்டினம்:
பிரிப்பதற்கு வழி சொல்கிறேன். ஒரு தாளில் நெருடலை ஒரே வரியில் எழுதுங்கள். அதன் கீழே மூன்று கேள்வி. இதே மனையை வேறு ஆள் விற்றால் நெருடல் இருக்குமா? இதே ஆள் வேறு மனை காட்டினால் இருக்குமா? ஒரு மாதம் அவகாசம் கொடுத்தால் இருக்குமா? மூன்றாவதில் மட்டும் அடங்கிவிட்டால் உங்களை அழுத்துவது அந்த வெள்ளிக்கிழமை.

எழுதும் நேரமும் முக்கியம். ராத்திரி 11 மணிக்கு, தூக்கம் கெட்ட மறுநாள், வெறும் வயிற்றில் இரண்டு காபி குடித்த பிறகு எழுதினால் உடம்பின் படபடப்பும் சேர்ந்துகொள்ளும். நன்றாகத் தூங்கி எழுந்த காலையில் ஒரு தடவை, சாப்பிட்ட பிறகு ஒரு தடவை, தனித்தனித் தாளில் எழுதி ஒப்பிடுங்கள். பதற்றம் பெரும்பாலும் தாவும்: மனையில் தொடங்கி, கடன், வேலை, பிள்ளை படிப்பு என்று போய்க்கொண்டே இருக்கும். உள்ளுணர்வு பெரும்பாலும் ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இரண்டு தாளிலும் ஒரே வரி வந்தால் அதை விடாதீர்கள்.

கிளைன் சொல்லும் இன்னொரு முறை: ஒரு வருஷம் கழித்து இந்த மனை பெரிய வம்பாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு, ஏன் என்பதை ஐந்து நிமிடம் நிறுத்தாமல் எழுதுவது. சொல்லத் தெரியாமல் இருந்த காரணம் பலருக்கும் இதில் வெளியே வரும். இதற்கு முன்னால் பத்துப் பேரிடம் யோசனை கேட்காதீர்கள். அவர்கள் குரல்தான் தாளில் வரும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஆளைப் பற்றிய நெருடலில் சாதி, நிறம், பேச்சுவழக்கு எல்லாம் ஒளிந்திருக்கும். நம் சொந்தக்காரர் இதையே செய்திருந்தால் உறுத்துமா என்று கேளுங்கள். உறுத்தாது என்றால் அதற்கு உள்ளுணர்வு என்று பெயர் வைக்காதீர்கள்.

வில்லியனூர்:
நெருடலைச் சோதனையாக மாற்றுங்கள். உங்களுக்குக் காட்டியது நகல். அசல் பத்திரத்தைக் கையில் வாங்கிப் பார்த்தீர்களா? அடகில் இருந்தால் காட்ட மாட்டார்கள். 30 வருஷத்துக்கு வில்லங்கச் சான்று (அந்த மனைமேல் நடந்த விற்பனை, அடமானங்களின் பட்டியல்) எடுங்கள். ஆனால் பதிவானதுதான் அதில் வரும். பதியாத ஒப்பந்தம், வாரிசுத் தகராறு எதுவும் தெரியாது. உரிமையாளரிடம் பவர் (அவர் சார்பில் விற்கும் அதிகாரப் பத்திரம்) வாங்கியவர் விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று நேரில் போய்ப் பாருங்கள். அவர் இறந்திருந்தால் பொதுவாக அந்தப் பவர் செல்லாது.

அந்தப் பக்கம் தமிழக எல்லையும் புதுச்சேரியின் பாகூர் எல்லையும் பின்னிக் கிடக்கின்றன. சர்வே எண் எந்த மாநிலம் என்று உறுதி செய்துகொண்டு, தமிழகம் என்றால் சிட்டா, அ-பதிவேடு (நிலம் யார் பேரில், என்ன வகை என்று காட்டும் வருவாய்த்துறைப் பதிவுகள்), மனைப்பிரிவு அனுமதி பாருங்கள். புதுச்சேரி என்றால் நில ஆவணமும் பதிவும் அந்த அரசிடம். தென்பெண்ணை வெள்ளத்தையும் மறக்க வேண்டாம். 2015 நவம்பரிலும் 2024 டிசம்பரிலும் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்துத் தெரு டீக்கடையில் கேளுங்கள், விற்பவரிடம் கேட்காதீர்கள்.

கெடிலக்கரை:
மூன்று பேருக்கும் நன்றி. எழுதிப் பார்த்தேன். வேறு ஆள் விற்றால் நெருடல் இல்லை. இரண்டு தாளிலும் வந்த வரி: "அசல் கேட்டதும் பேச்சை மாற்றினார்." இனி எப்போதுமே இப்படி நம்பலாமா?

முத்தியால்பேட்டை:
அதற்கு ஒரு நோட்டுப் போடுங்கள். முடிவு தெரிவதற்கு முன்னாலேயே தேதி, மனசுக்குப் பட்டது, நூற்றுக்கு எத்தனை உறுதி என்று எழுதிவிட வேண்டும். பிற்பாடு எழுதினால் பலித்தது மட்டும்தான் ஞாபகம் வரும். ஆட்கள், பணம், உடம்பு, வேலை என்று பிரித்து எழுதினால் எதில் உங்கள் கணிப்பு தேறுகிறது, எதில் தேறவில்லை என்று சில மாதங்களில் தெரியும். உயிர் பயம் மட்டும் விதிவிலக்கு. இரவில் ஏறிய வண்டி சரியில்லை என்று பட்டால் நோட்டெல்லாம் வேண்டாம், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் இறங்கிவிடுங்கள். தப்பாகிப் போனால் ஒரு ஆட்டோ காசுதான் நஷ்டம்.

வில்லியனூர்:
வெள்ளிக்கிழமை பணம் கொடுக்காதீர்கள். "அசலை என் வக்கீல் பார்க்கட்டும், மறுநாளே முன்பணம் தருகிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். அசலைக் காட்டினால் மற்ற சோதனைகளுக்குப் போகலாம். வேறு ஆள் கேட்கிறார் என்று அவசரப்படுத்தினால் அவருக்கே கொடுக்கச் சொல்லிவிடுங்கள்.