அரசுச் சின்னத்தில் யானை எங்கே போயிற்று?

கேள்வி:
எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் குடியரசு நாள் அழைப்பிதழுக்காக இந்திய அரசுச் சின்னத்தை உற்று நோக்கியபோது ஓர் ஐயம் எழுந்தது. சாரநாத் தூணின் தலைப்பகுதியில் நான்கு சிங்கங்களும், அவற்றின் கீழ் யானை, குதிரை, காளை, சிங்கம் ஆகியவையும் இருப்பதாகப் படித்திருக்கிறேன். சின்னத்தில் மூன்று சிங்கங்களும் ஒரு குதிரையும் ஒரு காளையும் மட்டுமே உள்ளன. மற்றவற்றை வேண்டுமென்றே நீக்கிவிட்டார்களா? அழைப்பிதழின் தலைப்பில் இதை அச்சிடலாமா?

மறுமொழி 1:
நீக்கவில்லை, அவை மறைந்திருக்கின்றன. சிங்கங்கள் முதுகோடு முதுகு சேர்ந்து நான்கு திசைகளையும் பார்ப்பதால், முன்னிருந்து பார்ப்பவருக்கு நான்காவது தெரியாது. வட்டப் பீடத்தைச் சுற்றி நான்கு விலங்குகளும் அவற்றுக்கு இடையே நான்கு சக்கரங்களும் செதுக்கப்பட்டுள்ளன. சின்னத்தின் நடுவில் ஒரு சக்கரம், நமக்கு வலப்பக்கம் காளை, இடப்பக்கம் பாயும் குதிரை, இரு ஓரங்களிலும் அடுத்த சக்கரங்களின் விளிம்புகள் தெரிகின்றன. யானையும் சிறிய சிங்கமும் பின்புறத்தில் இருக்கின்றன. உண்மையில் விடப்பட்டது, பீடத்தைத் தாங்கும் மணி வடிவத் தாமரைதான். சாரநாத் அருங்காட்சியகத்தில் மூலச் சிற்பத்தைச் சுற்றி வந்து பார்த்தபோதுதான், எத்தனை நூல்கள் படித்தும் புரியாதிருந்த இந்த அமைப்பு எனக்கு ஒரு நொடியில் விளங்கியது.

மறுமொழி 2:
அச்சிட வேண்டாம் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். 2005ஆம் ஆண்டின் சட்டப்படி, அனுமதி பெற்றவர்களைத் தவிர வேறு எவரும், முன்னாள் அரசுப் பொறுப்பாளர்கள் உட்பட, இச்சின்னத்தைப் பயன்படுத்தக் கூடாது. மீறினால் இரண்டு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். நல்ல நோக்கத்தோடு நடக்கும் விழா என்பதால் விலக்கு கிடைத்துவிடாது. அழைப்பிதழில் வேறு ஓவியம் இடுங்கள்.

மறுமொழி 3:
ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பள்ளிப் பலகைகளுக்காக வரைபவர்கள் பலர் சிங்கங்களோடு நிறுத்திவிடுகிறார்கள். கீழே தேவநாகரியில் உள்ள "சத்யமேவ ஜயதே" என்ற முண்டக உபநிடதத் தொடரும் சின்னத்தின் பகுதியே. அது இல்லாத வடிவம் முழுமையானதன்று. தமிழ்நாட்டு அரசின் முத்திரையில் கோபுரத்தோடு நாம் காணும் "வாய்மையே வெல்லும்" என்பதும் அத்தொடரின் தமிழ் வடிவமே.

கேட்டவர்:
நன்றி. சின்னத்தை எடுத்துவிட்டு, மூவண்ணப் பட்டையை மட்டும் ஓரத்தில் வரையச் சொல்லியிருக்கிறேன்.