ஹீட் பம்ப் டிரையர் வாங்கலாமா? நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும்

செக்காலை மகள்:

வணக்கம். காரைக்குடியிலிருந்து இங்கே குடிவந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. கைக்குழந்தை இருக்கிறது. துணி காயவே மாட்டேன் என்கிறது. காலையில் போட்டது மறுநாளும் ஈரமாகவே கிடக்கிறது, எடுத்து முகர்ந்தால் ஊறல் வாடை. படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே சுவரில் புள்ளி புள்ளியாகக் கறுப்புப் பூசணம் ஏறிவிட்டது. அடுத்த வாரம் வீட்டைப் பார்க்க வருகிறோம் என்று வீட்டு ஓனரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. பக்கத்து வீட்டில் காலி செய்கிறவர்கள் தங்கள் பழைய டிரையரை 60க்குத் தருகிறோம் என்கிறார்கள். நாளை சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும். கடையில் கேட்டால் ஹீட் பம்ப் டிரையர்தான் நல்லது, 450 என்கிறார்கள். இவ்வளவு விலை கொடுக்கும்படி அதில் அப்படி என்ன இருக்கிறது? கரண்ட் பில்லை நினைத்தாலும் பயமாக இருக்கிறது. தயவுசெய்து சீக்கிரம் சொல்லுங்கள்.

தேவகோட்டை, டொராண்டோ:

ஹீட் பம்ப் வேண்டவே வேண்டாம். என் தம்பி வீட்டில் இருக்கிறது, ஒரு ஈடு துணி காய மூன்று மணி நேரம் ஆகிறது. இங்கே எல்லார் வீட்டிலும் இருப்பது சுவரில் குழாய் வைத்துச் சூடான காற்றை வெளியே தள்ளும் டிரையர்தான். 45 நிமிடத்தில் துணி மொடமொடவென்று வந்துவிடும். கைக்குழந்தை வைத்திருக்கிறவருக்கு வேகம்தான் முக்கியம். நாங்கள் வந்த புதிதில் டிரையர் வாங்கவே வழியில்லை. பனிக்குள் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு காசு போட்டுத் துவைக்கும் கடைக்கு நடந்தோம். அந்த முதல் குளிர்காலம் மாதிரி ஒன்றை எதிரிக்கும் சொல்ல மாட்டேன். கையுறைக்குள் விரல் மரத்துப்போய், கடைக்குள் நுழைந்ததும் வலி கிளம்பும்.

பள்ளத்தூர், சூரிச்:

டொராண்டோ அண்ணன் சொல்வதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. சுவிட்சர்லாந்தில் 2012லிருந்து ஹீட் பம்ப் அல்லாத டிரையரைப் புதிதாக விற்கவே அனுமதியில்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2025 ஜூலை முதல் வந்திருக்கிற விதியில் தேறுவது நடைமுறையில் ஹீட் பம்ப்தான். நேரம் கூட ஆகும், உண்மை. ஆனால் துணி கெடாது. பழைய டிரையரில் உள்ளே 70 டிகிரிக்கு மேல் சூடு போகும், இதில் 50 டிகிரி சுமாருக்குத்தான் ஓடும். என் மகளின் பருத்திப் பாவாடைகள் இரண்டு வருடமாகச் சுருங்காமல் இருக்கின்றன. எங்கள் கட்டடத்தில் அடித்தளத்தில் பொது சலவை அறை. அவரவருக்குக் குறித்த நாளில்தான் துவைக்க முடியும். வந்த புதிதில் அந்த நாளைத் தவறவிட்டால் அடுத்த முறை வரும் வரை குழந்தைத் துணியைக் குளியலறையில் அலசிக்கொண்டிருப்பேன். கதவைத் தட்டிக் கேட்கக்கூட மொழி தெரியாது.

கோட்டையூர், மெல்போர்ன்:

கூரையில் சோலார் போடுங்கள், மத்தியானத்தில் டிரையரை ஓட்டுங்கள். பில் பிரச்சினையே வராது.

அரியக்குடி, சிங்கப்பூர்:

வாடகை வீட்டுக்காரர் கூரையில் எப்படி சோலார் போடுவார் மெல்போர்ன்? முதலில் எந்த நாடு என்று அவர் சொல்லட்டும். 60 என்றால் 60 என்ன? இங்கே நாங்கள் ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழி நீட்டிக் காயப்போடுகிறோம். மழை வந்தால் ஓடிப்போய் இழுக்க வேண்டும், அவ்வளவுதான்.

செக்காலை மகள்:

மன்னிக்கவும், பதற்றத்தில் எழுதிவிட்டேன். நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், லீட்ஸ். பவுண்டுதான். தனி வீடு, வாடகை. பேறுகாலம் பார்க்க அம்மா வந்திருக்கிறார். வாஷிங் மெஷினில் துணி சுருக்கம் விழக்கூடாது என்று 800 சுற்றில்தான் பிழிகிறோம். அம்மா தன் சேலைகளைக் கையில் அலசி ஹீட்டர் மேலே போடுகிறார். பக்கத்து வீட்டு டிரையரில் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. அது ஹீட் பம்ப்பா இல்லையா, தெரியவில்லை.

செஞ்சை ஏசி மெக்கானிக், காரைக்குடி:

தாயி, நான் வெளிநாட்டில் இல்லை. ஃபிரிட்ஜ், ஏசி வேலை பார்க்கிறவன். என் மகன் அங்கே இருப்பதால் இந்தப் பக்கத்தைப் படிக்கிறேன். ஹீட் பம்ப் என்றால் கடைக்காரர் சொல்கிற மாதிரி பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. கம்ப்ரஸர், கேஸ், அந்த கேஸ் ஓடுகிற வளைந்த குழாய் (காயில் என்போம்) இரண்டு: ஒன்று குளிர்ந்தது, ஒன்று சூடானது. அத்தனையும் ஏசிக்குள் இருப்பதுதான். ஈரத்துணி வழியாக வந்த காற்று முதலில் குளிர்ந்த காயிலைத் தொடும். அதிலிருக்கிற ஈரம் தண்ணீராக அங்கேயே வடிந்துவிடும். உலர்ந்த காற்று அடுத்துச் சூடான காயிலைத் தாண்டி மறுபடி துணிக்குள் போகும். குளிர்ந்த காயில் காற்றிலிருந்து வாங்கிய வெப்பம் வீணாகாமல் சூடான காயிலுக்கு வந்துவிடுகிறது. பழைய வகையில் ஒரு ஹீட்டர் கம்பி முழுச் சூட்டையும் கரண்டிலேயே உண்டாக்கும். அதுதான் 2000 வாட்டுக்கு மேல் இழுக்கிறது. ஹீட் பம்ப் பெரும்பாலும் 1000 வாட்டுக்குள் முடித்துவிடும். சூடு குறைவு, அதனால்தான் நேரம் கூட. இரண்டும் ஒன்றோடொன்று பின்னியது, பிரிக்க முடியாது.

தண்ணீர்த் தொட்டியை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. கண்டன்சர் வகை என்று ஒன்று உண்டு. அதிலும் தொட்டி இருக்கும், ஆனால் உள்ளே ஹீட்டர் கம்பிதான். பின்பக்கத்திலோ கதவு ஓரத்திலோ ஒட்டியிருக்கும் தகட்டின் போட்டோவைப் போடுங்கள். அதில் குளிர்பதன வாயுவின் பெயர் இருந்தால் ஹீட் பம்ப். 2500 வாட் என்ற மாதிரி போட்டிருந்தால் ஹீட்டர்.

கானாடுகாத்தான், லெஸ்டர்:

பூசணம் என்றதும் எனக்குப் பழைய கோபம் வந்துவிட்டது. எங்கள் முதல் வீட்டில் இதே கதை. ஓனர் வந்து பார்த்துவிட்டு, நீங்கள் குழம்பு கொதிக்க வைப்பதால்தான் சுவர் ஈரமாகிறது என்றார். குளியலறையில் காற்றை வெளியே தள்ளும் ஃபேன் ஓடவே இல்லை, அதைப் பார்க்கவில்லை. ஊரில் வளவில் கொடி கட்டினால் மத்தியானத்துக்குள் துணி காய்ந்துவிடும், வற்றல் காயும், வடகம் காயும். இங்கே வெயிலுக்கும் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது.

தேவகோட்டை, டொராண்டோ:

ஊரில் கேட்கிறவர்களுக்கு இதெல்லாம் புரியாது. போனில் பேசினால் வீடு எத்தனை அறை, கார் வாங்கியாச்சா, இதுதான். சுவரில் பூசணம் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

அரியக்குடி, சிங்கப்பூர்:

அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போனவர்கள் கிட்டங்கி என்கிற கடையும் தங்குமிடமுமான கட்டடத்தில் ஒரு பெட்டியும் ஒரு பாயுமாக வருடக்கணக்கில் இருந்தார்கள். நமக்குத் துணி காயாததே பெரிய குறை.

கானாடுகாத்தான், லெஸ்டர்:

அவர்களுக்குக் கைக்குழந்தையின் துணி இல்லை, மாசக் கடைசியில் கரண்ட் பில்லும் இல்லை. ரங்கூனில் வெயிலும் இருந்தது.

புதுவயல், பர்மிங்காம்:

அந்தப் பெண் நாளை சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். வாருங்கள், அவர் கேட்டதற்கு வருவோம்.

தங்கச்சி, எங்கள் வீடு அரிசி மில் வீடு. அவித்த நெல்லைக் களத்தில் கொட்டினால் வெயில் மட்டும் போதாது, காற்றும் ஓட வேண்டும், ஆளும் கிண்டிவிட வேண்டும். மூடிய கொட்டகையில் எவ்வளவு சூடு இருந்தாலும் நெல் புழுங்கித்தான் போகும். உங்கள் படுக்கையறையில் நடப்பது அதுதான். 4 கிலோ துணியை 1400 சுற்றில் பிழிந்தாலே சுமார் 2 லிட்டர் தண்ணீர் துணியில் நிற்கும். 800 சுற்றில் இன்னும் அதிகம். அத்தனையும் ஹீட்டர் மேலிருந்து கிளம்பி, வீட்டில் எது மிகக் குளிர்ந்த இடமோ அங்கே போய்ப் படியும். ஜன்னலுக்குக் கீழே உள்ள சுவர் அதற்கு அகப்பட்டிருக்கிறது.

அதனால் இன்றைக்கே, காசு செலவில்லாமல்: பருத்தித் துணிகளை 1400இல் பிழியுங்கள். சுருக்கம் விழுந்தால் விழட்டும். ஹீட்டர் மேல் துணி போடுவதை அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லி நிறுத்துங்கள். துணியெல்லாம் ஒரே அறையில், கதவைச் சாத்தி, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். குழந்தை தூங்குகிற அறை வேண்டாம்.

இனி கணக்கு. 8 கிலோ ஈடு ஒன்றுக்கு ஹீட் பம்ப் சுமார் 2 யூனிட் எடுக்கும், ஹீட்டர் வகை நாலரை யூனிட்டுக்குக் குறையாது. இங்கே யூனிட் 25 பென்ஸ் சுமார் என்று வைத்தால் ஒரு ஈட்டுக்கு 60 பென்ஸ் மிச்சம். வாரம் நாலு ஈடு ஓட்டினால் வருடத்துக்கு 125 பவுண்டு வரும். 60க்கும் 450க்கும் உள்ள வித்தியாசம் ஈடாக மூன்று வருடம். நீங்கள் ஒரு வருடத்தில் ஊர் திரும்புவதாக இருந்தால் பழையதுதான் லாபம். ஐந்து வருடம் இருப்பதாக இருந்தால் ஹீட் பம்ப். இதை உங்களைத் தவிர யாரும் தீர்மானிக்க முடியாது. சுவரில் ஓட்டை போட வேண்டியதில்லை என்பதால் வாடகை வீட்டுக்குத் தொட்டி வைத்த இரண்டு வகையுமே ஒத்துவரும்.

டிரையரை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று சொல்லவில்லையே?

செக்காலை மகள்:

அக்கா, சமையலறையில் இடமில்லை. வெளியே கராஜ் இருக்கிறது, அங்கே பிளக் இருக்கிறது. அதில் வைக்கலாம் என்று நினைத்தோம். ஹீட்டர் கிடையாது, பல் கிட்டிக்கிற குளிர். பழைய டிரையரின் தகட்டில் 2600 வாட் என்று இருக்கிறது.

செஞ்சை ஏசி மெக்கானிக், காரைக்குடி:

அப்போது அது ஹீட்டர் வகை. நல்லவேளை கராஜ் என்று இப்போதாவது சொன்னீர்கள். ஹீட் பம்ப்பைக் குளிர்ந்த கராஜில் வைக்காதீர்கள் தாயி. பெரும்பாலான மெஷின்களுக்குச் சுற்றுப்புறம் 5 முதல் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று புத்தகத்திலேயே போட்டிருப்பார்கள். குளிரில் கம்ப்ரஸர் திணறும், மூன்று மணி நேரம் ஓடியும் துணி ஈரமாகவே வரும். உறைபனி விழுந்தால் தொட்டியிலும் பம்பிலும் மிச்சமிருக்கிற தண்ணீர் உறைந்து எதையாவது உடைக்கும்.

பள்ளத்தூர், சூரிச்:

எங்கள் அடித்தளம் சூடாக இருக்கும், அதனால்தான் எனக்கு இந்தச் சிக்கலே தெரியவில்லை. அண்ணன் சொல்வது சரி. இன்னொன்று, காயிலைத் தானே கழுவிக்கொள்ளும் மாடல் வாங்குங்கள், வேலை மிச்சம்.

தேவகோட்டை, டொராண்டோ:

அதைத்தான் வாங்கக் கூடாது! தம்பி வீட்டில் இருப்பது அந்த மாடல். உள்ளே பஞ்சு அடைந்துவிட்டது, கை நுழைக்க வழியே இல்லை, ஆளைக் கூப்பிட்டுப் பின்பக்கத்தைப் பிரிக்க வேண்டியதாயிற்று. மூன்று மணி நேரம் ஆனதற்கும் அதுதான் காரணம் என்று வந்தவர் சொன்னாராம்.

செஞ்சை ஏசி மெக்கானிக், காரைக்குடி:

டொராண்டோ தம்பி சொல்வதுதான் என் கட்சி. காயிலில் பஞ்சு படிந்தால் காற்று ஓடாது. ஏசி ஃபில்டரைக் கழுவாதவர் வீட்டில் என்ன நடக்கிறதோ அதுவே. கீழே ஒரு சின்னக் கதவு இருந்து, திறந்தால் காயிலோ அதன் ஃபில்டரோ கண்ணுக்குத் தெரிகிற மாடலாகப் பாருங்கள். கதவு ஃபில்டரில் ஒவ்வொரு ஈட்டுக்கும் பஞ்சு ஒரு மெத்தென்ற தாளாக உரிந்து வரும், அதை விடாமல் எடுங்கள். கீழ் ஃபில்டரை மாதம் ஒரு முறை. வீட்டுக்கு வரும்போது மெஷினைப் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்களா என்று கேளுங்கள். நிமிர்த்தி வைத்து, புத்தகத்தில் சொன்ன நேரம் விட்டுவிட்டு, அப்புறம் பிளக்கைச் சொருகுங்கள். ஆயில் கம்ப்ரஸருக்குள் இறங்க வேண்டும்.

புதுவயல், பர்மிங்காம்:

என் யோசனை: நாளைக்குப் பழையது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வீட்டுக்குள் வைத்தால் பில் ஏறும், கராஜில் வைத்தால் குளிரில் இன்னும் அதிக நேரம் ஓடும். புதியதையும் உடனே வாங்க வேண்டாம். டீஹியூமிடிஃபயர் என்று, அறைக் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிற மெஷின் ஒன்று இருக்கிறது. 150, 200 பவுண்டுக்குக் கிடைக்கும், 300 வாட்டுக்குள் ஓடும். துணி காயப்போட்ட அறையில் கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு ராத்திரி ஓட விடுங்கள். காலையில் அதன் தொட்டியைத் தூக்கினால் எவ்வளவு தண்ணீர் சுவருக்குப் போயிருக்கும் என்று நீங்களே பார்ப்பீர்கள். டிரையர் இதைச் செய்யாது. சுவரின் ஈரத்துக்கும் சேர்த்து மருந்து இதுதான். அறை ரொம்பக் குளிர்ந்திருந்தால் மட்டும் வேலை மந்தமாகும், கொஞ்சம் சூடு இருக்கட்டும்.

பிறகு வாஷிங் மெஷின் மேலேயே அடுக்கி வைக்க இடம் வருமா என்று உயரம் அளந்து பாருங்கள். ஹீட் பம்ப் டிரையர் 50 கிலோ சுமார் இருக்கும், அடுக்குவதற்கென்று விற்கிற சட்டம் இல்லாமல் ஏற்றக்கூடாது. இடம் வந்தால் தைரியமாக ஹீட் பம்ப் வாங்குங்கள்.

ஓனர் வருவதற்கு முன்னால், பூசணத்தின் போட்டோவை இன்றே மெயிலில் அனுப்பிவிடுங்கள். குளியலறை ஃபேன் வேலை செய்கிறதா என்று பார்த்து அதையும் எழுதுங்கள். அவர் கண்டுகொள்ளாவிட்டால் நகர மன்றத்தின் சுகாதாரப் பிரிவுக்கு எழுதலாம், வந்து பார்ப்பார்கள். தேதியோடு எழுத்தில் இருந்தால்தான் குழம்பு வைத்ததால் என்று யாரும் சொல்ல முடியாது.

செக்காலை மகள்:

ரொம்ப நன்றி அக்கா, அண்ணே, எல்லாருக்கும். மெயில் அனுப்பிவிட்டேன். குளியலறை ஃபேனுக்குக் கீழே ஒரு தாளைப் பிடித்துப் பார்த்தேன், ஒட்டவே இல்லை, விழுந்துவிட்டது. அதையும் எழுதியிருக்கிறேன். அம்மா ஒன்று கேட்கச் சொன்னார்: டிரையர் வாங்கினால் கண்டாங்கிச் சேலையும் அப்பாவின் கஞ்சி போட்ட வேட்டியும் அதில் போடலாமா?

புதுவயல், பர்மிங்காம்:

கஞ்சி போட்டது வேண்டாம். கஞ்சி உள்ளே உதிர்ந்து, ஈரம் பார்க்கிற சென்சாரில் படியும். பட்டு கூடவே கூடாது. கண்டாங்கியைப் போட்டால் அவ்வளவு நீளமும் முறுக்கிக் கயிறாகிவிடும், வெளியே காய்ந்திருக்கும், நடுவில் ஈரம் அப்படியே நிற்கும். அதை மெஷினில் பிழிந்து, நான்காக மடித்து, டீஹியூமிடிஃபயர் இருக்கிற அறையில் கொடியில் போடச் சொல்லுங்கள். குழந்தைத் துணி, துண்டு, படுக்கை விரிப்பு, இவை மட்டும் டிரையருக்கு.