புதுப்பிப்பு: நெயில் பாலிஷ் இப்போது உரியவில்லை

பாளையங்கோட்டை வெயிலில் நெயில் பாலிஷ் குமிழியாக எழும்புகிறது, இரண்டே நாளில் உரிகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது. பாட்டிலைக் குலுக்கியதில்தான் காற்று புகுந்திருக்கிறது. உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்டினால் போதும். ஃபேனை நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றும் காயவிட்டு, மெலிதாக மூன்று பூச்சு போட்டேன்.

உரிந்ததற்குக் காரணம் தேங்காய் எண்ணெய். தலைக்குத் தேய்த்த கையோடு பூசியிருக்கிறேன்! இந்த முறை நகத்தை ரிமூவரால் துடைத்துவிட்டு ஆரம்பித்தேன். நுனி விளிம்பிலும் பிரஷ்ஷை ஒரு இழுப்பு இழுத்தேன், அதுதான் முக்கியம். ஆறு நாள் பாத்திரம் கழுவியும் அப்படியே இருக்கிறது.

அப்புறம், ஸ்பாஞ்சில் இரண்டு நிறம் தொட்டு ஒற்றினேன், அவ்வளவு அழகு! ஆனித் தேரோட்டத்துக்குத் தனக்கும் போட்டுவிடச் சொல்லியிருக்கிறார் மதினி.