புதுப்பிப்பு: லேப்டாப் மறுபடி பூட் ஆகிறது

ஆர்ச் லினக்ஸ் (என் லேப்டாப்பின் ஆப்பரேட்டிங் சிஸ்டம்) அப்டேட்டுக்குப் பிறகு லேப்டாப் முழுதாக பூட் ஆகாமல் எமர்ஜென்சி மோடிலேயே நிற்கிறது, 'விஃபேட் தெரியாத ஃபைல்சிஸ்டம்' (விஃபேட் என்பது என் பூட் பார்ட்டிஷனின் ஃபைல் அமைப்பு) என்கிறது என்று எழுதியிருந்தேனே, அது சரியாகிவிட்டது.

டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது. 'யுனேம் -ஆர்' கட்டளை காட்டும் கெர்னல் (சிஸ்டத்தின் மையப் புரோகிராம்) பதிப்பையும் மாட்யூல்ஸ் (கெர்னல் தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் துணைப் பகுதிகள்) ஃபோல்டரின் பெயரையும் ஒப்பிடச் சொன்ன நண்பருக்குக் கோடி நன்றி. ஓடிக்கொண்டிருந்தது பழைய கெர்னல், ஃபோல்டரில் இருந்ததோ புதியதன் மாட்யூல்கள். அப்டேட் நடந்தபோது பூட் பார்ட்டிஷன் (கெர்னல் இருக்கும் டிஸ்க் பகுதி) மவுன்ட் ஆகாமல், அதாவது சிஸ்டத்தோடு இணைக்கப்படாமல், இருந்திருக்கிறது. புதிய கெர்னல் ரூட் பார்ட்டிஷனில் (முக்கிய சிஸ்டம் இருக்கும் பகுதி) இருந்த வெறும் பூட் ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. மெஷின் எடுத்ததோ பூட் பார்ட்டிஷனில் இருந்த பழையதை. அதற்குப் பொருந்தும் விஃபேட் மாட்யூல் இல்லாததால் பூட் பார்ட்டிஷனை மவுன்ட் செய்யவும் வழியில்லை. நல்ல சிக்கல்!

லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து, முதலில் ரூட், அப்புறம் அதற்குள் பூட் பார்ட்டிஷன் என்று மவுன்ட் செய்தேன். இந்த வரிசை முக்கியம். பிறகு 'ஆர்ச்-க்ரூட்' கட்டளை வழியாக லேப்டாப்பில் இருக்கும் சிஸ்டத்துக்குள்ளே போய், கெர்னலை மறுபடி நிறுவ 'பேக்மேன் -எஸ் லினக்ஸ்' கொடுத்தேன். இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் கெர்னலுக்குத் தேவைப்படும் ஃபைல்) தானாகவே உருவானது. க்ரப்பை (கெர்னலை ஏற்றும் பூட்லோடர்) தொடவே இல்லை, என் சொந்த ஃபைல்கள் இருக்கும் ஹோமில் ஒரு ஃபைலும் தொலையவில்லை.

இதே பிழை வந்தவர்கள் ரீஇன்ஸ்டாலுக்குப் போகும் முன் 'ஃபைண்ட்மவுன்ட்' கட்டளை கொடுத்துப் பூட் பார்ட்டிஷன் மவுன்ட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.