சிரட்டையைக் கவுத்து வையுங்க

குழு: நம்ம அங்கன்வாடி பிள்ளைய

திங்கள்

டீச்சர், காலை 7:05
எல்லாருக்கும் வணக்கம். ஐப்பசி மழை வலுத்தாச்சு. பிள்ளையளுக்கு ஒரு மாத்து உடுப்பும் ஒரு சின்ன துவர்த்தும் பையில வச்சு விடுங்க. குடை வேண்டாம், நாலு பிள்ளை குடை பிடிச்சா ரெண்டு பிள்ளைக்கு கண்ணுல குத்து விழும். கொண்டு விடுகவங்களே பிடிச்சுட்டு வாங்க. புதன்கிழமை எடை பாக்கணும், முடிஞ்சவரை லீவு போடாதீங்க. சத்துமாவு பாக்கெட் வந்தாச்சு, கர்ப்பிணியளும் பால் குடுக்கிற அம்மைமாரும் வந்து வாங்கிட்டுப் போங்க.

சின்னு அம்மை, 7:09
டீச்சர் இன்னைக்கு கலெக்டர் லீவு விட்டாச்சுன்னு வேற குரூப்புல வந்துருக்கே. இங்க போடவா

அப்பு அம்மை, 7:10
போடாதீங்க மைனி. எனக்கும் வந்துது. அதுல உள்ள தேதிய வாசிச்சுப் பாருங்க, போன வருசத்தது.

சின்னு அம்மை, 7:12
அய்யோ ஆமா. நான் அவனைத் திரும்ப உறங்க வச்சாச்சு. இனி எழுப்பணும்.

டீச்சர், 7:15
லீவு உண்டுன்னா நானே இங்க சொல்லுவேன். நான் சொல்லாம எதையும் நம்பாதீங்க. ஆனா ஒண்ணு, ஆத்துக்குக் குறுக்க உள்ள சப்பாத்துப் பாலத்துல வெள்ளம் ஏறினா அந்தப் பக்கத்து பிள்ளையள அனுப்ப வேண்டாம், அதுக்கு யாரு உத்தரவும் தேவையில்ல. பேச்சிப்பாறை அணையில மறுகால் திறந்தா கோதையாத்துக்கு எப்ப வெள்ளம் வரும்னு உங்களுக்கே தெரியும்.

அம்மு அம்மை, 7:31
நவம்பர் 1 லீவு உண்டுமா டீச்சர்? மாமி கேக்காங்க.

டீச்சர், 7:33
உத்தரவு வந்தா சொல்லுகேன்.

அம்மு அம்மை, 7:40
மாமி வாய்ஸ்ல சொன்னத எழுதுகேன், அவங்களுக்கு டைப் செய்யத் தெரியாது. "1956ல இதே நாளு நம்ம கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோட சேர்ந்தப்ப எனக்கு மூணு மாசம். திருவிதாங்கூர்ல பெறந்து தமிழ்நாட்டுல தவழ்ந்தவ நான். எனக்குக் கண்டிப்பா லீவு வேணும்."

பொன்னு அப்பா, 7:42
பாட்டிக்கு துபாய்லயும் லீவு வாங்கித் தாறேன்.

டீச்சர், முற்பகல் 11:20
இனி முக்கியமான விசயம். ஒவ்வொரு வாரமும் ஒரு வீட்டுல இருந்து ஒருத்தர் வந்து அரை மணிக்கூர் பிள்ளையளோட இருக்கணும்னு சொல்லியிருந்தேன். கதை சொல்லலாம், பாட்டு படிக்கலாம், தொழில்ல உள்ள சாமானத்தக் காட்டலாம். இதுவரை ஏழு பேரு வந்தாச்சு. ஏழும் அம்மையும் பாட்டியும். ஒரு அப்பா வரல்ல. இந்த வாரத்துக்கு யாரு?

டீச்சர், பிற்பகல் 2:05
நீல டிக்கு முப்பது பேருக்கு விழுந்தாச்சு.

பொன்னு அப்பா, 2:10
டீச்சர் நான் வீடியோ கால்ல வரட்டா?

டீச்சர், 2:11
வரலாம். ஆனா பிள்ளைய போனைக் கண்டா கார்ட்டூன் போடத்தான் சொல்லும். உங்க முகத்தப் பாக்காது.

பொன்னு அப்பா, 2:12
எனக்க பிள்ளையே பாக்காது, பிறகு மத்தது எங்க.

குட்டன் அம்மை, 2:30
எங்க வீட்டுல ஒரு ஆளு நாலு நாளா சும்மா இருக்கு. மழையில ரப்பர் பால்வெட்டு இல்ல. இந்த வருசம் முதலாளி வெட்டுல மழை படாம மரத்துல கட்டுற ரெயின்கார்டும் போடல்ல. கூலியும் இல்ல, ஆளு வீட்டுக்குள்ள நடந்துட்டே இருக்கு. கூட்டிட்டுப் போங்க டீச்சர், புண்ணியமாப் போகும்.

குட்டன் அப்பா, 2:48
எனக்கு கதையெல்லாம் தெரியாது டீச்சர். ஏழாங்கிளாசு. ரப்பர் மரம் வெட்டத்தான் தெரியும்.

டீச்சர், 2:50
அதைத்தான் காட்டணும். வியாழக்கிழமை பத்து மணிக்கு. கத்திய மட்டும் வீட்டுல வச்சுட்டு வாங்க.

செவ்வாய்

சின்னு அம்மை, காலை 6:50
டீச்சர் சின்னுக்கு ராத்திரி தொட்டு காய்ச்சல். கண்ணுக்குப் பின்னால வலிக்குதுன்னு அழுகான். இன்னைக்கு வரமாட்டான். நேத்து எழுப்பி அனுப்பினதுதான் தப்பாப் போச்சோ.

டீச்சர், 6:58
உங்க தப்பு இல்ல. இந்த வாரம் மூணாவது பிள்ளை. அப்பு அம்மா, நீங்க ஆஸ்பத்திரியில இருக்கியதால கேக்கேன், டெங்குவா இருக்குமா?

அப்பு அம்மை, 7:20
டியூட்டிக்கு போற வழி, பஸ்ஸுல இருந்து எழுதுகேன். ரத்தம் பாக்காம சொல்ல முடியாது, அதனால சின்னுவ இன்னைக்கே கொண்டு காட்டுங்க, நாளைக்குன்னு வைக்காதீங்க. அதுவரை பாராசிட்டமால் மட்டும், அதுவும் பிள்ளைக்க எடைக்குத் தக்க அளவு. ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் ரெண்டும் கூடாது, டெங்குன்னா ரத்தம் கசியும். கஞ்சிவெள்ளம், இளநீர், ஓ.ஆர்.எஸ். கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துட்டே இருக்கணும்.

அப்பு அம்மை, 7:24
பொதுவா நம்ம ஆளுங்க ஒரு தப்பு செய்வாங்க. காய்ச்சல் விட்ட உடனே பிள்ளை சுகமாச்சுன்னு விட்டுருவாங்க. டெங்குல காய்ச்சல் விட்ட பொறவு வரக்கூடிய ஒண்ணு ரெண்டு நாள்தான் பயப்பட வேண்டிய நாள். வயித்து வலி, நிக்காத வாந்தி, மூக்குலயோ பல்லுலயோ ரத்தம், பிள்ளை தளந்து போய் கிடக்கிறது, இதுல ஏதாவது ஒண்ணு கண்டா ராத்திரி ரெண்டு மணின்னாலும் ஆஸ்பத்திரிதான்.

அம்மு அம்மை, 7:30
மாமி பப்பாளி இலைச் சாறு குடுக்கச் சொல்லுகாங்க.

அப்பு அம்மை, 7:31
மாமிக்க மேல மரியாதை உண்டு. சாற நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாம இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

குட்டன் அப்பா, 7:44
ஒரு சந்தேகம். இந்தக் கொசு சாக்கடையில வளர்றது தானே? நம்ம பக்கம் சாக்கடை ஏது?

அப்பு அம்மை, 7:49
இல்ல அண்ணே, இது வேற. சுத்தமான வெள்ளத்துலதான் முட்டையிடும், பகல்லதான் கடிக்கும். ஒரு மூடி வெள்ளம் போதும். முட்டை கொசுவாகதுக்கு ஏழெட்டு நாள்தான். வெள்ளம் வத்தினாலும் அந்த முட்டை மாசக்கணக்குல காஞ்சு கிடந்து அடுத்த மழையில பொரியும், அதனால கொட்டுனா மட்டும் போதாது, உள்ள தேச்சுக் கழுவணும்.

குட்டன் அப்பா, 7:52
ரப்பர் பால் பிடிக்க மரத்துல வைக்கிற சிரட்டையில நிக்கிற மழவெள்ளம்?

அப்பு அம்மை, 7:53
அதுதான் அதுக்கு அரண்மனை. ரப்பர் தோட்டத்துல வெட்டு நிக்கும்போ சிரட்டையக் கவுத்து வைக்கணும்னு சுகாதாரத் துறையில எப்பளும் சொல்லுவாங்க.

குட்டன் அப்பா, 8:01
நான் வெட்டுகது 300 மரம்.

குட்டன் அப்பா, 8:02
300 சிரட்டையும் நெறஞ்சு நிக்கு. அங்கன்வாடிக்க பின்பக்க வேலிக்கு அந்தப் பக்கம்தான் எனக்க தோட்டம்.

குட்டன் அம்மை, 8:20
அவரு கஞ்சி குடிக்காம தோட்டத்துக்குப் போயாச்சு. மழையும் விடல்ல.

சின்னு அம்மை, பிற்பகல் 1:15
ரத்தம் எடுத்தாச்சு. அட்மிட் வேண்டாம், நாளைக்கு திரும்ப வரச் சொன்னாங்க. குட்டன் அப்பா நனைஞ்சுட்டு திரியாண்டாம்னு சொல்லுங்க.

புதன்

டீச்சர், மாலை 4:10
எடை பாத்தாச்சு. யாரு எவ்வளவுன்னு குழுவுல போட மாட்டேன், தனித்தனியா சொல்லுகேன். போன தடவை ஒரு அம்மா "அவளுக்க பிள்ளைய விட எனக்க பிள்ளை 200 கிராம் கூடுதல்"னு போட்டு, ரெண்டு வீடும் இப்பளும் பேசிக்கிடல்ல.

அம்மு அம்மை, 4:25
சத்துமாவ அம்மு கஞ்சியாக் குடுத்தா துப்புகா. மாமி சொன்ன மாதிரி ஏத்தம்பழம் சேத்துப் பிசைஞ்சு வாழையிலையில இலையப்பம் அவிச்சேன். மூணு தின்னா. சர்க்கரை சேக்கல்ல, மாவுலயே வெல்லம் உண்டே.

ஆயாம்மா, 4:40
சமையக்கட்டு ஓட்டுல ஒழுகுது. அரிசிச் சாக்க மேசைமேல ஏத்தி வச்சிருக்கு. எழுதிக் குடுத்து ரெண்டு மாசம். பாக்க வாறோம்னு சொன்னவங்கள மழைக்கு முன்னயும் காணல்ல பின்னயும் காணல்ல.

அப்பு அப்பா, 4:52
ஞாயிறு நானும் தம்பியும் தார்ப்பாய் கொண்டு வாறோம். ஒக்கி புயல்ல எங்க ஓடு பறந்தப்ப வாங்கினது, 2017ல இருந்து பரண்ல கிடக்கு. ஏணி யாருட்ட உண்டு?

குட்டன் அப்பா, 4:58
ஏணி எனக்கிட்ட.

வியாழன்

டீச்சர், பிற்பகல் 1:30
எழுதாம இருக்க முடியல்ல. குட்டன் அப்பா வந்துட்டுப் போனாரு. வேட்டி, தேச்ச சட்டை. வாசல்ல பத்து நிமிசம் நின்னாரு, உள்ள வரல்ல. குட்டன் போய் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தான்.

பன்னெண்டு சிரட்டை கொண்டு வந்தாரு, கைக்குள்ள அடங்குகதுல இருந்து பெரிய தேங்கா அளவு வரை. எல்லாம் உள்ளயும் வெளியயும் சுரண்டி, கண்ணாடிச் சில்லால மினுக்கி, பிள்ளைக்கு கையில ஒரு சிராய் ஏறாத மாதிரி. முந்தின ராத்திரி முழுக்க இருந்து செஞ்சிருக்காரு, குட்டன் அம்மைதான் சொன்னா. சின்னதுல இருந்து பெருசு வரை பிள்ளையளே அடுக்கிச்சு. அம்மு ஒண்ணுக்குள்ள ஒண்ணாப் போட்டு எல்லாத்தையும் ஒளிச்சு வச்சுட்டா.

ஒரு பொதி ரப்பர் கொட்டையும் எண்ணுகதுக்குன்னு கொண்டு வந்தாரு. அத நான் வாங்கி அலமாரிக்கு மேல வச்சாச்சு. வாயில போட்டா தொண்டையில அடைக்கும், பருப்புல விசமும் உண்டு. வீட்டுலயும் பாத்துக்கிடுங்க.

டீச்சர், 1:41
பிறகுதான் எனக்கு ஆச்சரியம். வராந்தா தூணுல சாக்பீசால ஒரு கோடு போட்டாரு. இடது பக்கம் உசரம், வலது பக்கம் தாழ. "மரத்த இப்பிடித்தான் வெட்டணும் மக்ளே, அப்பதான் பால் வழுக்கி வழுக்கி சிரட்டைக்கு வரும். நேரா வெட்டினா பால் அங்கயே நிக்கும், அப்பறம் மரம் நம்மகிட்ட கோவிச்சுக்கிடும்"னாரு. எல்லாப் பிள்ளையும் வரிசையா நின்னு தூணுல சாய்வுக் கோடு போட்டுது. ஒரே சாய்வு. ரெண்டு வாரமா நான் சிலேட்டுல அந்தக் கோட்டத்தான் போட வைக்கப் பாத்தேன், ஒரு பிள்ளைக்கும் வரல்ல.

ஆயாம்மா, 1:44
தூண யாரு கழுவ?

டீச்சர், 1:45
கழுவாண்டாம்.

அப்பு அம்மை, 1:58
கொசு விசயம் சொன்னாரா?

டீச்சர், 2:03
சொன்னாரு. ஒரு சிரட்டையில வெள்ளம் விட்டு, கரண்டிய மேல வச்சு "ங்ங்ங்"னு சத்தம் போட்டுட்டே, "கொசு அம்மை வந்தாச்சு, முட்டையிடப் போறா, என்ன செய்யணும்?"னு கேட்டாரு. பிள்ளைய முழிச்சுது. குட்டன் எழும்பி சிரட்டையத் தட்டிக் கவுத்தான். வெள்ளம் எல்லாம் அப்பனுக்க வேட்டியில. அதுக்குப் பொறவு எல்லாப் பிள்ளைக்கும் கவுக்கணும். இருபது தடவை வெள்ளம் விட்டாரு மனுசன், இருபது தடவையும் நனைஞ்சாரு. கதை தெரியாதுன்னு சொன்ன ஆளு!

பொன்னு அப்பா, 2:15
அண்ணே, வேட்டிக்கு காசு நான் அனுப்புகேன்.

அம்மு அம்மை, மாலை 5:20
டீச்சர், இது என்ன பழக்கம் படிச்சுக் குடுத்திய? அம்மு வந்த உடனே கோழிக்கு வச்ச வெள்ளத்தக் கவுத்தாச்சு. பூச்சட்டிக்கு அடியில உள்ள தட்டு, நாய்க்க பாத்திரம், வாளி, எல்லாம் கவுத்தாச்சு.

அப்பு அம்மை, 5:26
நல்லதுதானே. பிரிட்ஜுக்குப் பின்னால ஒரு தட்டு உண்டு, அதையும் காட்டிக் குடுங்க. பெரியவங்களுக்கே அது இருக்கிறது தெரியாது.

அம்மு அம்மை, 5:31
மாமிக்க சாயாவயும் கவுத்தாச்சு. சூடு ஆறினதால பிழைச்சாங்க.

சின்னு அம்மை, 5:40
சின்னுக்கு டெங்கு இல்ல. ரெண்டாவது ரத்தமும் பாத்தாச்சு, சாதாரண காய்ச்சல்தான். திங்கள் வருவான். சிரட்டை பாக்கலன்னு ஒரே அழுகை.

டீச்சர், 5:42
தெய்வமே. சிரட்டை இங்கதான் இருக்கு, அவனுக்கு நானே வெள்ளம் விட்டுக் குடுக்கேன்.

வெள்ளி

குட்டன் அப்பா, காலை 3:50
மழை விட்டாச்சு. பட்டை காஞ்சா இன்னைக்கு வெட்டு உண்டு. கவுத்த 300ஐயும் இனி நிமித்தணும். டீச்சர், அந்தப் பன்னெண்டும் அங்கயே இருக்கட்டு. வெட்டு முடிஞ்சு ஞாயிறு ஏணியோட வாறேன்.

குட்டன் அம்மை, 6:15
விடியக்காலம் ஆளுங்க உறங்குகது தெரியாதா இவருக்கு. நான் மன்னிப்பு கேக்கேன்.

அம்மு அம்மை, 7:02
டீச்சர், மாமனாரு கேக்காரு, அடுத்த வாரம் அவருக்கு வரலாமான்னு. நாப்பது வருசம் தெங்கு ஏறினவரு.

டீச்சர், 7:06
கண்டிப்பா வரட்டு. வெட்டுக்கத்திய வீட்டுல வச்சுட்டு வரச் சொல்லுங்க.

அம்மு அம்மை, 7:09
சொன்னேன். "கத்தி இல்லாம நான் என்னத்தக் காட்ட"ன்னு கேக்காரு.

குட்டன் அப்பா, 7:30
நானும் அப்பிடித்தான் கேட்டேன் பாட்டா. போங்க.