கிராபிக்ஸ் கார்டு அவசியமா? விளையாடுபவர்கள் வழிகாட்டுங்கள்

வணக்கம். கொழிஞ்சாம்பாறையில் வசிக்கும் நான், எஸ்.எஸ்.எல்.சி. முடித்த அக்கா மகனுக்குத் தாய்மாமன் முறையில் கணினி வாங்கித் தருவதாக வாக்களித்துவிட்டு, விலையில் பெரும்பங்கை, திரையில் காட்சிகளை உருவாக்கித் தரும் பாகமான கிராபிக்ஸ் கார்டே விழுங்கும் என்று அறிந்ததிலிருந்து தயங்கிக்கொண்டிருக்கிறேன். காட்சி தத்ரூபமாக இல்லாவிட்டால் அது விளையாட்டே இல்லை என்கிறான் அவன். ஆனால், 1980களில் உருவான டெட்ரிஸ் ஆட்டம் வெறும் கட்டங்களைக் கொண்டே இன்றும் ஆளைக் கட்டிப்போடுகிறது. சதுரக் கட்டிகளாலான மைன்கிராஃப்ட் 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. (அவனும் கைப்பேசியில் அதைத்தான் மணிக்கணக்கில் ஆடுகிறான்.) எனினும், இருளில் பதுங்கிச் செல்லும் ஆட்டங்களில் ஒளியும் நிழலுமே ஆட்ட விதியாகிவிடுவதால், காட்சியையும் விளையாட்டையும் பிரிக்க முடியுமா என்ற ஐயமும் எனக்குண்டு. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் விளையாடுபவர்கள், காட்சித்தரத்தைக் குறைத்தாலும் எந்த ஆட்டங்கள் சுவை குன்றாமல் இருக்கின்றன, எவை கெட்டுவிடுகின்றன என்று தெரிவித்து உதவுங்கள். பொள்ளாச்சிக் கடையில் அடுத்த வாரம் முன்பணம் கட்ட வேண்டும்.